சபை அங்கீகரித்த சட்டை

பதுளையில், மழைக்காலத்தில் மேகம் வந்து யன்னல் கண்ணாடியில் முகம் பார்க்கும் ஒரு மேட்டில், வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டிவிட்டுப் போன பழைய பங்களாவில், மலைச்சாரல் சிறுவர் சுவாச நலச் சபை இயங்கிவந்தது. இயங்கிவந்தது என்பது சபை தன்னைப் பற்றித் தானே பயன்படுத்தும் சொல். வாசலில் மும்மொழிப் பலகை. உள்ளே நீண்ட மேசை, கைப்பிடி வைத்த நாற்காலிகள், மூலையில் ஒரு குளிர்சாதனப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள்தான் ஊசிமருந்து இருந்தது.

மருந்து புதியது. கடுமையான ஒவ்வாமையாலும் இழுப்பாலும் அவதிப்படும் பிள்ளைகளுக்கு மாதாமாதம் போட்டுவந்தால், இழுப்பு வருவதே அரிதாகிவிடும் என்றார்கள். கடல்கடந்த அன்பர்கள் சிலர் மலையகப் பிள்ளைகளுக்கென்று அதை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். யாருக்குப் போடலாம் என்று பரிசீலிப்பதற்காகச் சபை உண்டானது. சபை பரிசீலித்தது. மருந்து காலாவதியானது. புது மருந்து வந்தது. சபை மனம் தளராமல் மறுபடி பரிசீலித்தது.

நமுனுகுல மலையடியில் இருந்த ஒரு தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில், தூள் சலிக்கும் பகுதியில் ரமேஸ் வேலை செய்தான். அங்கே காற்றில் எந்நேரமும் தேயிலையின் மெல்லிய பஞ்சுத் தூசி மிதந்துகொண்டிருக்கும். வேலை முடிந்து வெளியே வருகிற ஆளைப் பார்த்தால், புருவம் முதல் பாதம் வரை பழுப்பு மாவில் புரட்டி எடுத்ததுபோல் இருப்பான். அவனுடைய மகள் சிவசக்திக்கு அந்த வாசனை மிகவும் பிடிக்கும். நடக்கப் பழகிய நாள் முதல், மாலையில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் காத்திருந்து, அவன் வந்ததும் ஓடிப்போய் அவன் வயிற்றில் முகத்தைப் புதைத்துக் கட்டிக்கொள்வாள். இருட்டிய பிறகு அவளுக்கு ஏன் நெஞ்சு விசிலடிக்கிறது என்பது யாருக்கும் புரியவில்லை. மழை என்றார்கள். அடுப்புப் புகை என்றார்கள். சுவரில் பூத்த பூஞ்சணம் என்றார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருந்தது.

ஆஸ்பத்திரியில் பிள்ளைகளைப் பார்க்கும் டொக்டர் ஜெமீலாதான், "நீங்க வேலை செய்ற இடத்துத் தூசியில ஒரு சிட்டிகை கடதாசியில மடிச்சுக் கொண்டுவாங்க" என்று சொன்னார். சக்தியின் கையில் வரிசையாகத் துளிகளை இட்டு மெல்லக் குத்திப் பார்த்தார்கள். மற்றவை கொசுக்கடிபோல் தடித்தன. தேயிலைத் தூசி இட்ட இடம் ஐந்து ரூபாய் நாணயக் குற்றி அளவுக்கு வீங்கியது.

"இதுதான் பிள்ளைக்கு ஆகவே ஆகாது" என்றார் டொக்டர். "வேலை உடுப்போட பிள்ளையத் தூக்காதீங்க."

"நான் தூக்குறதில்லீங்க டொக்டர்" என்றான் ரமேஸ். "அவதான் வந்து கட்டிக்கிறா."

டொக்டர் ஜெமீலா எழுதிக்கொண்டிருந்த வரியை வெட்டிவிட்டு, 'குளித்த பிறகு மட்டும்' என்று எழுதிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து ரமேஸ் நேரே வீட்டுக்கு வருவதில்லை. பொதுக் குழாயடியில் சட்டையைக் கழற்றி அலசி, தலையில் தண்ணீர் ஊற்றி, மாற்று உடுப்பு உடுத்திக்கொண்டுதான் வாசலேறுவான். அதுவரை சக்தி லயத்துக்கு முன்னால் தண்ணீர் ஓடும் கானுக்கு அந்தப் பக்கம் நிற்பாள். பிறகு வந்து கட்டிக்கொள்வாள். முகர்ந்து பார்ப்பாள்.

"சோப்பு" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விடுவாள்.

இழுப்பு குறைந்தது. நிற்கவில்லை. இரண்டொரு தடவை உதடு நீலம் பாரித்து, தோட்டத்து லொறியில் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியிருந்தது. அப்போதுதான் டொக்டர் அந்தப் புதிய ஊசியைப் பற்றிச் சொன்னார். ரமேஸின் மனைவி ஜீவராணி கொழுந்து பறிப்பவள். சுற்றிவளைத்துப் பேசத் தெரியாதவள்.

"ஊசியால புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருமாங்க?" என்று கேட்டாள்.

"எப்பவாவது, யாராவது ஒருத்தருக்கு ஊசியே ஒத்துக்காமப் போகலாம். அதனால போட்டதும் அனுப்பமாட்டேன், பக்கத்துல வச்சுப் பார்ப்பேன். போடாட்டி என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

தாயும் தகப்பனும் பதுளையிலிருந்து வீடு திரும்பும் பஸ்ஸில் பரிசீலித்து முடித்துவிட்டார்கள். சபைக்கு அதைவிடச் சற்று அதிக நேரம் பிடித்தது.

சபைக்கு விண்ணப்பித்து, முதல் அழைப்பு வந்தபோது ஊசிக்குத்தான் என்று நினைத்து, சக்திக்குத் தீபாவளிச் சட்டையைப் போட்டுக் கூட்டிப்போனார்கள். அழைத்தது இரண்டாவது குளிர்சாதனப் பெட்டியின் திறப்பு விழாவுக்கு. முதல் பெட்டி நிறைந்துவிட்டதாம். வாசலில் பட்டாசு வெடித்தார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். பெட்டிக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, சாம்பிராணி காட்டினார்கள். பயனாளிகளின் சார்பில் சக்தி தலைவருக்குப் பூச்செண்டு கொடுக்கவேண்டும் என்று ஏற்பாடு. அவள் பூச்செண்டோடு சாம்பிராணிப் புகைக்குள் நான்கு அடி நடந்தாள். ஐந்தாவதில் நின்று, இரண்டு தோள்களையும் உயர்த்தி உயர்த்திக் காற்றைத் தேடினாள். ரமேஸ் ஓடிப்போய் மூச்சுமருந்துப் பம்பை அவள் வாயில் வைத்து அழுத்தினான். கைதட்டல் எழுந்தது. அது பூச்செண்டுக்கு.

தலைவர் மரியநாயகம் நில அளவைத் திணைக்களத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். எந்த விடயத்தையும் எல்லைக்கல் நாட்டிவிட்டே பேசுவார்.

"அன்பார்ந்தவர்களே, அவசரம் மனிதனைக் கெடுக்கும் மருந்து. நாங்கள் அவசரப்படவில்லை. இந்தச் சபை தோன்றிய நாள் முதல் இன்றுவரை, எங்கள் ஊசியால் ஒரு பிள்ளைக்கேனும் பக்கவிளைவு ஏற்பட்டதாக யாராவது விரல் நீட்ட முடியுமா? முடியாது. காரணம், ஒரு பிள்ளைக்கேனும் நாங்கள் அதைப் போட்டதில்லை. இந்தச் சாதனையை எங்களுக்குப் பின் வருபவர்களும் காக்கவேண்டும்."

கூட்டம் கலைந்ததும் ரமேஸ் செயலாளர் அஜந்தனிடம் போனான். அஜந்தன் இளைஞர். கழுத்துப்பட்டி அணிந்தவர், அதைத் தளர்த்தத் தெரியாதவர்.

"சார், இப்ப பார்த்தீங்கதானே, புள்ளைக்கு எப்படி இழுத்துச்சுன்னு."

"பார்த்தேன். ஆனா சபையா பார்க்கல. விழாவுக்கு வந்த ஆளாத்தான் பார்த்தேன். சபை கூடும்போது கூட்டிட்டு வாங்க."

சபை கூடியபோது கூட்டிப்போனார்கள். அறை குளிரூட்டப்பட்டிருந்தது. தூசி இல்லை, புகை இல்லை, பூஞ்சணம் இல்லை. சக்தி தன் வாழ்க்கையிலேயே இவ்வளவு நல்ல காற்றைச் சுவாசித்ததில்லை. நாற்காலிகளைச் சுற்றி ஓடினாள். முன்பள்ளியில் படித்த பாட்டை மூச்சுவிடாமல் பாடிக் காட்டினாள்.

"குழந்தை ஆரோக்கியமாக இருக்கிறது" என்றார் தலைவர்.

ரமேஸ் டொக்டர் ஜெமீலாவின் கடிதத்தை நீட்டினான். தலைவர் அதை இரண்டு விரலால் வாங்கினார்.

"டொக்டர் ஜெமீலா இந்தப் பிள்ளைக்கு வைத்தியம் பார்ப்பவர். ஆகவே பக்கச்சார்பானவர். பிள்ளையை ஒருபோதும் பார்த்திராத வைத்தியர் ஒருவர் எழுதியிருந்தால், அதை நடுநிலையான கடிதமாக ஏற்கலாம்."

ஜீவராணி தன் தொலைபேசியில் எடுத்து வைத்திருந்த காட்சியைக் காட்டினாள். லயத்துக் கட்டிலில் சக்தி நெஞ்சுக்கூடு உள்வாங்க உட்கார்ந்திருக்கும் காட்சி. சபையில் பெற்றோரின் பிரதிநிதியாக இருந்தவர் ராசம்மா. அவருடைய பிள்ளைகளே தாத்தா ஆகும் வயதில் இருந்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"எங்க மூத்தவனுக்கும் சின்னதுல சளி புடிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு. இப்ப கனடாவுல பனிக்குள்ள நடந்து திரியுறான். ஒனக்கு மொதப் புள்ளையா, அதான் பயம்."

"பயந்துபோயா கொண்டாந்தோம்? புள்ள சாகக் கெடக்குதுங்கம்மா" என்றாள் ஜீவராணி.

"சாகக் கிடப்பது என்பது சபையின் சொல் அல்ல" என்று தலைவர் திருத்தினார். இழுப்பைச் சபை தன் கண்ணால் அவதானிக்கும்வரை விடயம் ஒத்திவைக்கப்பட்டது.

ஜீவராணி பிள்ளையோடு முன்னே நடந்துவிட்டாள். அஜந்தன் வெளி விறாந்தைக்கு வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ரமேஸின் தோளில் கைவைத்தார்.

"அடுத்த தடவை புள்ள கொஞ்சம் இழுப்போட வந்தா நல்லது. அதிகமா வேணாம். அளவா. பம்ப் அடிச்சிராதீங்க, அவதானிக்க ஒண்ணும் இருக்காது."

"அது எப்படீங்க சார் இழுப்போட கூட்டிட்டு வர்றது?"

"அதைச் சபை எப்படிச் சொல்லும்?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

எப்படி என்பது ரமேஸுக்குத் தெரிந்திருந்தது. விறாந்தையில் நிற்கும்போதே தெரிந்துவிட்டது. அதைத்தான் பின்னாளில் அவனால் விழுங்க முடியவில்லை. யோசித்து, புழுங்கி, வேறு வழியில்லாமல் வந்துசேர்ந்த எண்ணம் அல்ல அது. கேள்வியைக் கேட்டு முடிக்கும் முன்பே பதில் அவனுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

அடுத்த கூட்டத்துக்கு ஜீவராணியால் வர முடியவில்லை. மலையில் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. பம்பை எடுத்து ரமேஸின் பையில் வைத்தவள் அவள்தான். அவளுக்குத் தெரியாமல் அதே பையின் அடியில் அவன் வைத்தது, முந்தின நாள் அலசாமல் விட்ட வேலைச் சட்டை. பிளாஸ்டிக் உறையில் போட்டு இரண்டு முடிச்சுப் போட்டிருந்தான். பஸ்ஸில் அந்தப் பையை மகளிடமிருந்து எட்டத்தில், கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டான். அங்கே போய் அவிழ்க்கப்போகும் முடிச்சை வழியெல்லாம் இறுகியிருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

சபை மண்டபத்துக்கு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். சக்தி காலை ஆட்டிக்கொண்டு நன்றாக மூச்சுவிட்டாள். அவள் நன்றாக மூச்சுவிடுவதைப் பார்த்து ரமேஸுக்கு எரிச்சல் வந்தது. அப்படியொரு எரிச்சல் தனக்கு வரக்கூடும் என்று அவன் நினைத்ததே இல்லை.

பையைத் திறந்து, பம்பை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டான்.

சக்தி காலாட்டுவதை நிறுத்தினாள். எழுந்தாள். பழக்கத்தால் இரண்டடி பின்னே போய், இல்லாத கானுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"அப்பா, இன்னைக்குக் கட்டிக்கலாமா?"

"ம்."

"நெசமாவா?"

"நெசமாத்தான் வா."

அவள் ஓடிவந்து முகத்தைப் புதைத்துக்கொண்டாள். விட்டால் போய்விடும் என்பதுபோல் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆழமாக, மகிழ்ச்சியாக, உள்ளே இழுத்தாள். "அப்பா வாசம்" என்றாள். ரமேஸ் அவளைத் தள்ளவும் இல்லை, அணைக்கவும் இல்லை. கைகளைக் காற்றில் வைத்துக்கொண்டு நின்றான்.

விசில் தொடங்கியபோது உள்ளே தேநீர் இடைவேளை தொடங்கியிருந்தது. "ஐயாமாருங்க தேத்தண்ணி குடிக்கிறாங்க, செத்த இருங்க" என்றார் காவலாளி. சக்தியின் தோள்கள் உயர ஆரம்பித்தன. காற்சட்டைப் பைக்குள் ரமேஸின் கை பம்பைப் பிடித்திருந்தது. கதவு திறந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினான்.

சபை ஆர்வத்தோடு முன்னே சாய்ந்தது. இது மிதமானதா கடுமையானதா என்று கருத்து வேறுபாடு எழுந்தது. ராசம்மா மிதம் என்றார். தலைவர் குளிரூட்டியை நிறுத்தச் சொன்னார். சத்தம் தெளிவாகக் கேட்கவேண்டுமாம். மண்டபம் அமைதியானது. சக்தியின் நெஞ்சு மட்டும் கேட்டது.

"ஐயா, பம்ப குடுத்துர்றேங்க."

"ஒரு நிமிடம். குறிப்பில் ஏறட்டும்."

ரமேஸ் அந்த ஒரு நிமிடத்தைக் கொடுத்தான்.

பிறகு பம்பை அழுத்தினான், மறுபடியும் அழுத்தினான். தோள்கள் மெல்ல இறங்கின. முகத்தில் நிறம் வந்தது. தலைவர் மனம் இளகி, "பாப்பா, இது எப்படியம்மா தொடங்கியது?" என்று கேட்டார்.

"அப்பா சட்டையோட கட்டிக்க விட்டாரு" என்றாள் சக்தி. அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ரமேஸ் தரையைப் பார்த்தான். பொலிஸைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தான். கூப்பிட்டால் நல்லது என்றும் தோன்றியது. தலைவர் எழுந்து நின்றார்.

"செயலாளர் அவர்களே, குறித்துக்கொள்ளுங்கள். இத்தனை காலமும் எங்கள் பரிசீலனை எங்கே தடுக்கி நின்றது? பிள்ளைகள் எங்கள் முன் சுகமாக வந்து நின்றார்கள். பெற்றோர் ஒத்துழைக்கவில்லை. இதோ ஒரு சாதாரணத் தொழிலாளி, நோயை நேரம் தவறாமல், மண்டபத்தின் வாசலிலேயே ஆஜர்படுத்தியிருக்கிறார். இவரைத் தகப்பன் என்று மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனமில்லை. இவர் சபையின் நண்பர்."

ராசம்மா கைதட்டினார். ஊசி ஏகமனதாக அங்கீகரிக்கப்பட்டது. மாதாமாதம் புதுப்பிக்கவேண்டும் என்பது நிபந்தனை. சட்டையைச் சபை கேட்டு வாங்கிக்கொண்டது. ரமேஸ் மாற்றுச் சட்டையோடு வெளியே வந்தான். "நண்பர்" என்று கூப்பிட்டு அஜந்தன் கைகொடுத்தார்.

வீட்டில் சக்தி வாசலிலேயே எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். ஜீவராணி பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அவங்க அப்படிச் செய்யச் சொன்னாங்களா?"

"சொல்லல."

"அப்ப நீங்கதான்."

ஆமாம் என்று சொல்வதற்கு அவன் வாய் திறந்தான். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அதைப் பற்றி அவள் அதன்பிறகு பேசவே இல்லை. பேசியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

ஊசி வேலை செய்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டொக்டர் ஜெமீலா சபைக்கே வந்து போட்டார். மருந்து பங்களாவை விட்டு வெளியேறக் கூடாது என்பது விதி. முதல் ஊசி போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து, சக்தியோடு விரல் விளையாட்டு விளையாடிக்கொண்டே அவளுடைய மூச்சைக் கவனித்தார். "எப்படி ஒத்துக்கொண்டாங்க?" என்று ரமேஸிடம் கேட்டார். "பார்த்தாங்க டொக்டர்" என்றான் ரமேஸ். மழைக்காலம் வந்தது. லயத்தில் எல்லோரும் இருமினார்கள். சக்தி இருமவில்லை. மலைப்படிகளில் ஏறி ஓடினாள்.

அடுத்த புதுப்பித்தலுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனபோது சபையின் விறாந்தையில் நிற்க இடமில்லை. சபை எல்லாப் பெற்றோருக்கும் அறிவித்தல் அனுப்பியிருந்தது: பிள்ளைக்கு ஒவ்வாத பொருளை மூடிய பையில் உடன் கொண்டுவரவும். ஒருவர் இறால் கொண்டுவந்திருந்தார். ஒரு பெண்ணின் மடியிலிருந்த பிரம்புக் கூடைக்குள் பூனை கத்திக்கொண்டிருந்தது. ஒரு தகப்பன் பழைய தலையணை ஒன்றை அணைத்தபடி யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். எல்லோருடைய மற்றக் கையும் கைப்பைக்குள்ளோ சட்டைப் பைக்குள்ளோ இருந்தது. எதைப் பிடித்திருக்கிறது என்று ரமேஸுக்குத் தெரியும்.

மண்டபத்துக்குள், குளிர்சாதனப் பெட்டிகளுக்கு நடுவே புதிதாக ஒரு கண்ணாடி அலுமாரி. அதற்குள் அவனுடைய சட்டை தொங்கியது. அஜந்தன் கையுறை போட்டுக்கொண்டு அதை எடுத்து வந்தார்.

"நண்பர், ஒரு உதவி. இவங்க அப்புத்தளையில இருந்து வந்திருக்காங்க. புள்ளைக்கு இதே தேயிலைத் தூசிதான். ஆனா கொண்டுவர ஒண்ணும் இல்லையாம். நீங்க போட்டுக்கிட்டு ஒரு தடவை கட்டிக்குங்க. அனுபவம் உள்ள ஆள். உங்க புதுப்பித்தலும் இன்னைக்குத்தான் மேசையில இருக்கு" என்று கடைசி வார்த்தைகளை மிகவும் மென்மையாகச் சொன்னார்.

ஜெயந்தினி என்ற அந்தப் பெண் எழுந்து நின்றாள். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, சக்தியைவிடச் சின்னவளாக ஒருத்தி நின்றாள். முன்பல் விழுந்திருந்தது. நன்றாக மூச்சுவிட்டாள்.

"எங்க வீட்டுக்காரரு முன்னாடி தேயிலத் தூள் சலிக்கிற ஸ்டோருலதான் இருந்தாரு. இப்ப கொழும்புல கடையில. உடுப்பையெல்லாம் தொவைச்சு எடுத்துட்டுப் போயிட்டாரு" என்று தவறு செய்தவள்போல் சொன்னாள். "ஒரு தடவ மோந்தா போதுமாண்ணே?"

"போட்டுக்கிட்டு வர்றேன்" என்றான் ரமேஸ்.

பங்களாவின் பின்பக்கம் போனான். அங்கே சுவரோரம் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. சட்டையைப் போட்டுக்கொள்ளத்தான் போனான். ஆனால் வேலைச் சட்டையும் குழாயும் ஒன்றாக எதிர்ப்பட்டால் அவனுடைய கைகளுக்குத் தெரிந்த காரியம் ஒன்றே ஒன்றுதான். அவை குழாயைத் திறந்தன. சட்டையை நனைத்தன, கசக்கின, பிழிந்தன, மறுபடி நனைத்தன. சபையின் சீமெந்துத் தரையில் தண்ணீர் தேநீர் நிறத்தில் ஓடியது. அது வெளுத்து, தெளிந்து, வெறும் தண்ணீராக ஓடும்வரை அவன் நிறுத்தவில்லை. பிறகு ஈரச் சட்டையை மாட்டிக்கொண்டு, சொட்டச் சொட்ட விறாந்தைக்கு வந்தான்.

அஜந்தன் கழுத்துப்பட்டியைப் பிடித்துக்கொண்டார். "நண்பர், அது சபையின் சொத்து" என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டு, தலைவரிடம் அறிவிக்க உள்ளே ஓடினார்.

ரமேஸ் ஜெயந்தினியின் முகத்தைப் பார்த்தான். நன்றி இருக்கும் என்று எதற்காகவோ எதிர்பார்த்திருந்தான்.

"ஏண்ணே அலசுனீங்க?" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "எத்தன தடவ வந்துட்டோம். இங்க வர்ற நேரமெல்லாம் நல்லா இருக்கா. வீட்டுக்குப் போனா மூச்சு நிக்கிது. இன்னைக்காச்சும் வந்திருமுன்னு இருந்தேன்." சக்தியின் கொழுத்த கன்னங்களைப் பார்த்தாள். "ஒங்க புள்ளைக்குக் கெடச்சிருச்சு."

மண்டபத்துக்குள் மணி அடித்தது. முதலில் கூப்பிட்டது சிவசக்தியின் பெயரை. சக்தி எழுந்து வந்து, கூப்பிட்டதைக் கவனிக்காமல், அப்பாவின் ஈர வயிற்றைக் கட்டிக்கொண்டு முகர்ந்தாள்.

"சோப்பும் இல்ல" என்றாள். "ஒண்ணுமே இல்ல."

ரமேஸ் அவளுடைய முதுகில் கைவைத்து விசில் வருகிறதா என்று பார்த்தான். வரவில்லை. எதிரே அந்தச் சின்னவளும் நன்றாகத்தான் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய தாய் குனிந்து, வெறும் பையை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த கூட்டத்துக்குக் கூட்டிட்டு வாங்க தங்கச்சி" என்றான் ரமேஸ். தன் குரல் செயலாளரின் குரல்போல் மென்மையாக இருப்பது அவனுக்கே கேட்டது. "வீட்ல இன்னொரு சட்ட இருக்கு."